ரீஸ்டார்ட் செய்யாமல் திருத்த முடியாதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் மந்திரம் ஒன்று உண்டு. பிரிண்டர் வேலை செய்யவில்லையா? ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்டர்நெட் கிடைக்கவில்லையா? ரீஸ்டார்ட் செய்யுங்கள். விளையாடிக்கொண்டிருந்த கேம் அப்படியே உறைந்து நின்றுவிட்டதா? அதற்கும் ரீஸ்டார்ட்தான். விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தாலும், பக்கத்து வீட்டு இன்ஜினீயரிங் மாணவரைக் கூப்பிட்டாலும் முதலில் வரும் பதில் இதுதான். நானும் சொந்தக்காரர்களிடம் "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க" என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன். பாதி நேரம் அதிலேயே பிரச்னை தீர்ந்துவிடுவதால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

கேட்க வேண்டும் என்பது என் கட்சி. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராமை நிறுத்தாமல், அது இருக்கும் இடத்திலேயே வைத்துத் திருத்த முடியாதா? முடியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜான் மெக்கார்த்தி 1958ல் உருவாக்கத் தொடங்கிய லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியில் இது அன்றாட வேலை. இதை எழுதுவதால் உங்களை லிஸ்ப் படிக்கச் சொல்லப்போகிறேன் என்று பயப்பட வேண்டாம். நானே பிழைப்புக்கு எழுதுவது ஜாவாவில்தான். லிஸ்ப் எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆசை. ஆனால் அந்த ஆசைதான், ஒரு புரோகிராமை எழுதுபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது, அது எவ்வளவு குறையலாம் என்பதை எனக்குக் காட்டியது.

பத்திரிகையில் அச்சடித்த நம்பர்

முதலில் ரீஸ்டார்ட் ஏன் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு கேம் என்பது நூற்றுக்கணக்கான சிறு சிறு கட்டளைத் தொகுப்புகளால் ஆனது. இவற்றை ஃபங்ஷன் என்பார்கள். "கிளியை நகர்த்து" என்பது ஒரு ஃபங்ஷன். "மதிப்பெண் கூட்டு" என்பது இன்னொன்று. ஒன்று மற்றொன்றை அழைத்து வேலை வாங்கும்.

சி போன்ற மொழிகளில் எழுதிய புரோகிராமை, கம்பைலர் என்னும் இன்னொரு புரோகிராம் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக மாற்றுகிறது. அப்போது எந்த ஃபங்ஷன் எந்த இடத்தில் இருக்கிறது என்ற முகவரி பெரும்பாலும் அங்கங்கே பதிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த போன் நம்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பர் மாறிவிட்டால் பத்திரிகையை மறுபடி அச்சடித்து மறுபடி ஊரெல்லாம் கொடுக்க வேண்டும். கம்பைல் செய்வதும், பழையதை நிறுத்திப் புதியதை ஓட்டுவதும் அதுதான்.

லிஸ்ப் அப்படியில்லை. அது உங்கள் செல்போனில் உள்ள கான்டாக்ட்ஸ் போல. "மாமா" என்ற பெயரைத் தொட்டுத்தான் போன் செய்கிறீர்கள். எண் என்ன என்று நீங்கள் நினைவில் வைத்திருப்பதில்லை. மாமா சிம் மாற்றினால் அந்தப் பெயருக்கு எதிரே உள்ள எண்ணை மட்டும் மாற்றினால் போதும், அடுத்த அழைப்பு புதிய எண்ணுக்குப் போய்விடும். லிஸ்பில் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றை அழைக்கும்போது பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்கு இப்போது என்ன கட்டளைகள் என்று தேடிச் செல்கிறது. புரோகிராம் ஓடும்போதே புதிய கட்டளைகளை அந்தப் பெயரில் வைத்துவிடலாம். பாதியில் இருக்கும் அழைப்பு பழைய கட்டளைகளோடு முடியும். அடுத்த அழைப்பு புதியதை எடுத்துக்கொள்ளும். ஒரு கேம் திரையை நொடிக்கு 60 முறை வரைகிறது என்றால், நீங்கள் செய்த திருத்தம் கண் சிமிட்டுவதற்குள் திரைக்கு வந்துவிடும்.

இது ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று நினைக்காதீர்கள். நீங்களே இதைச் செய்திருப்பீர்கள். எக்ஸெலில் மளிகைக் கணக்கு போடும்போது, பருப்பு விலையைத் திருத்தியதும் அடியில் உள்ள மொத்தம் தானாக மாறுகிறது அல்லவா? கூட்டும் முறையையே மாற்றி எழுதினாலும் உடனே புதிய விடை வருகிறது. எக்ஸெலை மூடித் திறக்க வேண்டியதில்லை. அந்தத் தாளே ஓடும் புரோகிராம். அதை ஓடவிட்டுக்கொண்டே நீங்கள் திருத்துகிறீர்கள்.

மாமாவும் கிளியும்

எனக்குச் சொந்த ஊர் பழநிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் பாலசமுத்திரம். எங்கள் பக்கம் கொய்யாவுக்குப் பேர் போனது. ஆயக்குடிச் சந்தைக்கு விடிவதற்கு முன்னாலேயே கூடை கூடையாகப் பழம் வந்து இறங்கும். மாமாவுக்கும் கொஞ்சம் கொய்யாத் தோப்பு உண்டு. அவர் மகள் கல்லூரியில் சேர்ந்ததால் போன வருடம் பழைய டெஸ்க்டாப் ஒன்றை வாங்கிப் போட்டார்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிய கேம் ஒன்று இருந்தது. கொய்யாத் தோப்பில் கிளிகள் வரும். பழம் போகாமல் அவற்றை விரட்ட வேண்டும். அவ்வளவுதான் கதை. காமன் லிஸ்பில் எழுதியது, எஸ்.பி.சி.எல். என்ற இலவசக் கம்பைலரில் ஓடும். அந்தக் கம்பைலர் யூனிகோடைப் புரிந்துகொள்ளும் என்பதால் ஆசைக்கு மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருந்தேன்: கிளி-வேகம், கிளி-எண்ணிக்கை, பழுத்த-பழங்கள் என்று.

கேமை முதலில் அலுவலக நண்பர்கள் பத்துப் பேருக்கு அனுப்பினேன். "சூப்பர்", "செம மச்சி", கட்டை விரல் படம். இரண்டு பேர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு ஒரு படிவமும் அனுப்பினேன். சராசரியாக நாலரை வந்தது. அந்த நாலரையை வைத்துக்கொண்டு எந்த வரியைத் திருத்துவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஆடி மாதம் ஊருக்குப் போனபோது பென் டிரைவில் கொண்டுபோய் மாமா வீட்டில் ஓட்டிக் காட்டினேன். மாமா மவுஸைப் பிடித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"என்ன மாப்ள, கிளி கோழி மாதிரி நடந்து வருது?"

"பறக்குதுங்க மாமா, இறக்கை ஆடுது பாருங்க."

"இறக்கை ஆடுனாப் போதுமா? கிளி வந்தா சர்ருனு வரும். அதுவும் ஒத்தையா வராது. ஒண்ணு வந்து கத்துச்சுன்னா பின்னாலயே ஒரு கூட்டம் வரும்."

இங்கேதான் லிஸ்ப் கை கொடுத்தது. கேம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, இன்னொரு ஜன்னலில் கிளி-வேகம் என்ற மாறியை 2லிருந்து 5 ஆக்கினேன். திரையில் இருந்த கிளிகள் அந்தக் கணமே வேகம் பிடித்தன. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னும்" என்றார். 7 ஆக்கினேன். "ம்ம், இது கிளி." பெயர் தமிழில் இருந்ததால் எந்த வரியை மாற்றுகிறேன் என்று அவருக்கே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கீ போர்டைத் தன் பக்கம் இழுத்து, கிளி-எண்ணிக்கை எதிரே ஒரு விரலால் தேடித் தேடி 9 என்று அடித்து என்டர் தட்டினார். எட்டாவதுக்கு மேல் படிக்காத மனிதர் ஓடிக்கொண்டிருந்த ஒரு புரோகிராமைத் திருத்தினார். அவருக்கு அது ஆச்சரியமாகவே தோன்றவில்லை. தோப்பில் மோட்டார் ஓடும்போதே வாய்க்காலில் மடை மாற்றுவதில்லையா?

அடுத்து வந்த குறைதான் பெரியது. "உன் கிளி எந்தப் பழத்தைக் கண்டாலும் போய் உக்காருது. நிஜக் கிளி காயில உக்காராது, பழுத்ததத் தேடித்தான் போகும். போனாலும் முழுசாத் திங்காது. ரெண்டு கொத்து கொத்திப் போட்டுட்டு அடுத்த பழத்துக்குப் போயிரும். அதனாலதாம்ப்பா நஷ்டம்."

இது எண்ணை மாற்றித் தீரும் விஷயமில்லை. கேமின் விதியே தவறு. என் கேமில் ஒரு கிளி ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். நஷ்டம் ஒரு பழம். மாமா சொன்ன கணக்கில் ஒரு கிளியை விட்டுவிட்டால் அது மரத்தையே கெடுத்துவிடும். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் "பழத்தைத் தேர்ந்தெடு" என்ற ஃபங்ஷனை மாற்றி எழுதி, ஓடிக்கொண்டிருந்த கேமுக்குள் அனுப்பினேன்.

சிறிது நேரம் அருமையாக ஓடியது. பிறகு எல்லாக் கிளிகளும் அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டன. அத்தை எட்டிப் பார்த்து, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா" என்றார். நான் சொல்லிக்கொடுத்த மந்திரம்தான்!

நடந்தது இதுதான். பழுத்த பழங்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. அப்படி ஒரு நிலை வரும் என்று நான் யோசிக்கவில்லை. இல்லாத பழத்தைத் தேடிப் போன ஃபங்ஷன் பிழையில் மாட்டிக்கொண்டது. வேறு மொழியாக இருந்தால் கேம் மூடப்பட்டு, மாமா எடுத்த மதிப்பெண்களும் போயிருக்கும். லிஸ்ப் அங்கேயே நிறுத்திவைத்து, "இப்படி ஒரு பிழை வந்திருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று சில வழிகளைக் காட்டியது. வேடிக்கை என்னவென்றால், காமன் லிஸ்பில் இந்த வழிகளுக்குப் பெயரே ரீஸ்டார்ட். ஆனால் அதன் பொருள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கு என்பதல்ல. விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடரலாம் என்பது. பழுத்த பழம் இல்லாவிட்டால் கிளி திரும்பிப் போகட்டும் என்று ஒரு வரி சேர்த்து, மறுபடி முயற்சி செய் என்ற வழியைத் தேர்ந்தெடுத்தேன். அந்தரத்தில் நின்ற கிளிகள் அங்கிருந்தே திரும்பிப் பறந்தன. மாமாவின் மதிப்பெண் அப்படியே இருந்தது.

சொல்பவரும் செய்பவரும்

சிறிய குழுவாக, பெரிய நிறுவனத்தின் பணம் இல்லாமல் கேம் எழுதுபவர்களை இண்டி என்கிறார்கள். நம் தமிழுக்கு இதில் நல்ல உதாரணம் உண்டு. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலையில் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்கிறது. சிதைந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி அவிப்பதுதான் முதல் புதிர். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேம் என்ற பரிசைப் பெற்றது. இப்படி ஒரு கேமில் இட்லிச் சட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று தவறாகக் காட்டினால், கண்டுபிடிப்பவர் கேம் விளையாட்டில் கைதேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை; தினமும் இட்லி அவிப்பவராக இருக்க வேண்டும். என் கேமுக்கு மாமா அப்படி.

குறை கேட்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பயன்படுத்துபவர் "இங்கே வலிக்கிறது" என்று சொன்னால் அது எப்போதும் உண்மை. "இந்த மருந்தைக் கொடு" என்று சொன்னால் அது பெரும்பாலும் தவறு. மாமாவும் அப்படி ஒன்று கேட்டார்: விரட்டுவதற்குத் தகர டப்பா பத்தாது, துப்பாக்கி கொடு என்றார். (கிளியைக் கூண்டில் வளர்ப்பதே 1972ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். "கேம்லதானப்பா" என்றார்.) அலுவலகமாக இருந்தால் இந்த ஒரு விஷயத்துக்கு இரண்டு மீட்டிங் நடந்திருக்கும். இங்கே நான் வாதாடவில்லை. தகர டப்பா சத்தத்துக்குக் கிளி பறந்துபோகும் இடத்தில் கிளி மறைந்துபோகும்படி ஒரு வரியை மாற்றினேன். ஐந்து நிமிடம் விளையாடிவிட்டு அவரே, "இதுல ஒண்ணும் இல்ல, எடுத்துரு" என்றார். தவறான யோசனைக்கு ஆன செலவு ஐந்து நிமிடம், மனத்தாங்கலும் இல்லை. ஓடும்போதே திருத்துவதில் எனக்கு மிகவும் பிடித்த லாபம் இதுதான். வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பால் கிரஹாமும் ராபர்ட் மோரிஸும் 1995ல் தொடங்கிய வயாவெப், இன்டர்நெட்டில் கடை அமைத்துக்கொள்ள உதவும் சேவை. அதன் முக்கியப் பகுதி லிஸ்பில் எழுதப்பட்டது. வாடிக்கையாளர் போனில் குறை சொல்ல, அவர் போனை வைப்பதற்குள்ளேயே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி வெளியிட்ட சந்தர்ப்பங்கள் உண்டு என்று கிரஹாம் எழுதியிருக்கிறார். 1998ல் அந்த நிறுவனத்தை யாஹூ வாங்கியது. இன்று நாம் ஒரு செயலிக்குக் குறை எழுதி அனுப்பினால் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வருகிறதே, அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேம் உலகிலும் நாட்டி டாக் என்ற அமெரிக்க நிறுவனம் கோல் என்று தனக்கென ஒரு லிஸ்ப் வகையையே உருவாக்கி, பிளேஸ்டேஷன் 2க்கு 2001ல் வந்த 'ஜாக் அண்ட் டாக்ஸ்டர்' கேமை அதில் எழுதியது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டளைகளை மாற்றிப் பார்க்க அதில் வசதி இருந்தது. ஒரு கேமின் ஏழாம் கட்டத்தில் ஒரு தாவல் சரியாக இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் நிறுத்தி, கம்பைல் செய்து, மறுபடி ஏழாம் கட்டம்வரை போய்ப் பார்ப்பது எவ்வளவு பாடு? பத்து முறை பார்க்க வேண்டியதை இரண்டு முறையோடு விட்டுவிடுவார்கள். பல கேம்களில் தாவல் மோசமாக இருப்பதற்குச் சோம்பல் காரணமில்லை, இந்தக் காத்திருப்புதான் காரணம் என்பேன்.

எல்லாவற்றிலும் உச்சம் நாசாவின் டீப் ஸ்பேஸ் 1. 1998 அக்டோபரில் ஏவப்பட்ட இந்த விண்கலத்தை, 1999 மே மாதத்தில் லிஸ்பில் எழுதிய ரிமோட் ஏஜென்ட் என்ற புரோகிராம் சில நாட்கள் தானே இயக்கிப் பார்க்க ஏற்பாடானது. பூமியில் செய்த சோதனைகளில் ஒருமுறைகூடத் தலைகாட்டாத பிழை, பல கோடி கிலோமீட்டர் தொலைவில் போய்த் தலைகாட்டியது. புரோகிராமின் இரண்டு பகுதிகள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு நின்றுவிட்டன. கட்டளை தட்டினால் பதில் சொல்லும் லிஸ்ப் விண்கலத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது பிழையைக் கண்டறியப் பெரிதும் உதவியது என்று அதில் பணியாற்றிய பொறியாளர் பின்னர் எழுதினார். அந்தச் சோதனை தன் நோக்கங்களை நிறைவேற்றியே முடிந்தது. விண்வெளிக்குப் போய் ஆஃப் செய்து ஆன் செய்ய யாரால் முடியும்?

நிறுத்தவே கூடாத வேலைகளுக்கு லிஸ்ப் மட்டும்தான் என்றும் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சை நிறுத்தாமல் புரோகிராமை மாற்றுவதற்காகவே ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் எர்லாங் என்ற மொழி பிறந்தது. வாட்ஸ்அப்பின் சர்வர்கள் அந்த மொழியில்தான் வளர்ந்தன.

நீங்களே செய்து பாருங்கள்

குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்துகொள்ளுங்கள். எஃப்12 கீயை அழுத்துங்கள். (சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) பக்கவாட்டில் அல்லது அடியில் ஒரு பெட்டி திறக்கும். அதில் கன்சோல் என்ற தலைப்பைக் கிளிக் செய்து 2+3 என்று அடித்து என்டர் தட்டினால் 5 என்று வரும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமோடு நீங்கள் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்! லிஸ்பில் இதையே (+ 2 3) என்று எழுதுவார்கள். அடுத்து, செய்தித் தலைப்பின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பெட்டியில் அந்தத் தலைப்பின் எழுத்துகள் தெரியும். அதன் மேல் இரட்டைக் கிளிக் செய்து உங்கள் பெயரை அடித்து என்டர் தட்டுங்கள். தலைப்பில் நீங்கள்! பயப்பட வேண்டாம், உங்கள் திரையில் மட்டும்தான் மாறியிருக்கிறது. எஃப்5 அழுத்தினால் பழையபடி ஆகிவிடும்.

லிஸ்பிலேயே தொட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் ஈமாக்ஸ் என்ற இலவச எடிட்டரை இறக்கிக்கொள்ளலாம். குனு ஈமாக்ஸ் 1985லிருந்து இருக்கிறது. அதன் பெரும்பகுதி லிஸ்பில் எழுதப்பட்டது. டெட்ரிஸ் கேம்கூட உள்ளே இருக்கிறது. அதை விளையாடிக்கொண்டே அதன் கட்டளைகளைத் திறந்து மாற்றலாம். ஆனால் பழக ஒரு வாரம் பொறுமை வேண்டும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த வசதிக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. செய்தித் தலைப்பை மாற்றியது போலவே, நெட் பேங்கிங் பக்கத்தில் தெரியும் இருப்புத் தொகையையும் உங்கள் திரையில் மாற்றிக் காட்டலாம். பேங்கில் உள்ள பணம் மாறாது. திரையில் தெரியும் எழுத்து மட்டும் மாறும். மோசடிக்காரர்கள் இதைத்தான் செய்கிறார்கள். "உங்களுக்கு ரீஃபண்ட் தர வேண்டும்" என்று போன் செய்து, தூரத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். 2,000 ரூபாய் தருவதற்குப் பதில் தவறுதலாக 20,000 போட்டுவிட்டோம் என்று அலறுவார்கள். திரையில் பார்த்தால் தொகை ஏறியிருக்கும். மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பார்கள். நீங்கள் அனுப்புவது உங்கள் சொந்தப் பணம். எஃப்5 அழுத்திப் பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும். அதற்கும் முன்னால், முன்பின் தெரியாதவர் சொன்னார் என்று உங்கள் கம்ப்யூட்டரை அவர் கையில் கொடுக்காதீர்கள். கன்சோலில் எதையும் ஒட்டச் சொன்னால் ஒட்டாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

என் பங்குக்கு நானும் அன்று ஒரு பாடம் படித்தேன். மாமாவும் நானுமாகச் செய்த திருத்தங்களெல்லாம் கம்ப்யூட்டரின் நினைவகத்தில் மட்டுமே இருந்தன. சிலவற்றை நேரடியாகக் கட்டளை ஜன்னலில் அடித்திருந்தேன். ஃபைலில் எழுதி சேவ் செய்யவில்லை. "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற நினைப்பு. சாயங்காலம் ஆடிக் காற்று ஒரு வீசு வீசியது. மின்சாரம் போனது. அந்த டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். கிடையாது. அந்தரத்தில் நின்ற கிளியைப் பறக்கவைத்த அந்த அருமையான வரியும் போனது. ஓடும் புரோகிராமைத் திருத்துபவர்களுக்கு இது நிரந்தர ஆபத்து. ஓடுவது ஒன்றாகவும் ஃபைலில் இருப்பது வேறாகவும் ஆகிவிடும். நாலு நாள் கழித்து எது சரி என்று எழுதியவருக்கே தெரியாது. எஸ்.பி.சி.எல். போன்றவற்றில் நினைவகம் முழுவதையும் அப்படியே ஃபைலாக எடுத்து வைக்கும் வசதி உண்டு. நான் எடுத்து வைக்கவில்லை. நீங்கள் பக்கம் பக்கமாகக் கடிதம் அடித்துவிட்டு சேவ் செய்ய மறப்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. புரோகிராமர் என்பதால் மின்சாரம் இரக்கம் காட்டுவதில்லை.

இனி நீங்கள் செய்யக்கூடியது. உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது மென்பொருள் தகராறு செய்தால், ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு நிமிடம் செலவிடுங்கள். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தித் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என்ன செய்தபோது வந்தது, என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்று தமிழிலோ தங்கிலீஷிலோ நாலு வரி எழுதி மென்பொருளை எழுதியவருக்கு அனுப்புங்கள். விண்டோஸைப் பற்றியே குறை என்றால் விண்டோஸ் கீயுடன் எஃப் அழுத்தினால் அதற்கென்றே ஒரு ஜன்னல் திறக்கும். "ஹேங் ஆகுது" என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. "ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைத்து சேவ் செய்தால் மட்டும் ஹேங் ஆகிறது" என்று எழுதினால் பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். கம்ப்யூட்டர் தெரியாதே, நாம் சொல்வது தவறாக இருந்தால் சிரிப்பார்களோ என்ற கூச்சம் நம் ஊரில் பலருக்கு உண்டு. அந்தக் கூச்சத்தால் இழப்பு மென்பொருள் எழுதுபவர்களுக்குத்தான். நட்சத்திரம் போட்ட பத்து நண்பர்களும் சேர்ந்து சொல்லாததை மாமா இரண்டே நிமிடத்தில் சொன்னார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, கிளி தெரியும்.

மறுநாள் காலை மின்சாரம் வந்ததும் முதலிலிருந்து உட்கார்ந்தேன். என்னென்ன மாற்றினோம் என்பதில் பாதி எனக்கு மறந்துவிட்டது. மாமாவுக்கு மறக்கவில்லை. வேகம் 7, எண்ணிக்கை 9, காய்க்குப் போகாது, ரெண்டு கொத்துக்கு அப்புறம் அடுத்த பழம், துப்பாக்கி வேண்டாம் என்று தோப்புக்குக் கிளம்பியபடியே வரிசையாகச் சொன்னார். இந்த முறை ஒவ்வொன்றையும் ஃபைலில் எழுதி, சேவ் செய்து, அதன் பிறகே ஓட்டினேன்.

போன வாரம் போன் செய்தார். மழை பெய்யும்போது கிளி வராதாம், என் கேமில் மழையே இல்லையாம். இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை அதுதான்.